கசக்க வேண்டிய மலை

குழந்தை இயேசு வருஷா வருஷம் தானாகப் பிறந்துவிடுவார், மலையைப் பெற்றுப்போட மட்டும் சவுரிராயன் வேண்டும். திண்டிவனத்தில் அவன் போகிற கோயிலில் இப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்கிறவர்கள் கிண்டலுக்குத்தான் சொல்வார்கள். சவுரிராயன் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொள்வான். பிழைப்புக்கு லோடு வண்டி, பெருமைக்குக் கிறிஸ்துமஸ் குடிலின் மலை என்று வாழ்க்கையைப் பங்கு பிரித்து வைத்திருந்த ஆள் அவன்.

அந்த மலைக்கு அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் பழுப்புத் தாள்களை ஒட்டி ஓர் அறை அகலத்துக்கு விரிப்பாக்க வேண்டும். கசக்கும்போது கிழியாமல் இருக்கப் பின்பக்கம் பழைய வேட்டியை மைதாப் பசையில் தோய்த்து ஒட்ட வேண்டும். அப்புறம் வர்ணம்: அடியில் பச்சை, நடுவில் காவி, உச்சியில் வெள்ளை. காய்ந்ததும் சுருட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனால், பக்கத்துத் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்துக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று அதைக் கசக்குவார்கள். கசக்கியதைக் கொஞ்சம் பிரித்துச் சவுக்குக் கட்டைகளின் மேல் போர்த்தினால் மலை. கசக்காதவரைக்கும் அது வெறும் தாள்தான். இதில் ஒரு வரி மாறினாலும் சவுரிராயனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இந்த வருஷம் அவனே மாறிப்போனான். மழை நாளில் வெங்காய மூட்டையோடு வழுக்கி விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்து படுத்தவன் வண்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. மலையைப் பற்றித்தான் புலம்பினான்.

பார்க்க வந்த அன்பியத் தலைவி செபஸ்தியம்மாள் ஆறுதலாக ஒரு யோசனை சொன்னாள். “கவலப்படாத சவுரி. நம்ம அன்பியத்து ஜூட்டு அடிக்கடி பாண்டிச்சேரி போய்க்கினுதான் இருக்கான். அங்க ரெடிமேடா மலை விக்கிறாங்களாம். ஒண்ணு வாங்கியாறச் சொல்றேன்.”

அவள் கொண்டுவந்திருந்த சாத்துக்குடியைவிட அந்த யோசனைதான் அதிகம் புளித்தது. சவுரிராயன் எழுந்து உட்கார்ந்தான். “எதுக்குக்கா ரெடிமேடு? என் வூட்ல ஆளு இருக்குது” என்று இடது கையால் சமையலறையைக் காட்டினான்.

அங்கே அவன் மனைவி வெனிலா கருணைக்கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெனிலாவுக்கும் வர்ணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் காலை ரயிலில் விழுப்புரம் போய், ஜங்ஷன் பக்கத்தில் வெங்கடாசலத்தின் பெயிண்ட் கடையில் வர்ணம் கலக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று, மாலை ரயிலில் திரும்புகிறவள் அவள். வாடிக்கையாளர் அட்டையில் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுவார். இவள் நம்பரைத் தட்டுவாள். கறுப்பு ஒரு சொட்டு கூடினாலும் டப்பா முழுவதும் பாழ், கடைக்காரர் முகமும் பாழ். இத்தனை வருஷத்தில் அவள் கை தவறியதே இல்லை. தவறுகிறவர்கள் வாங்குகிறவர்கள்தான். அட்டையில் பிடித்த நிறம் சுவரில் ஏறியதும் பிடிக்காமல் போய்விடும். மாமியாருக்கு ஆகாத ஊதா, பூசிப் பார்த்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்ட கிளிப்பச்சை, பூசையறைக்கு வாங்கி ‘காமாலை மாதிரி இருக்குது’ என்று திரும்பி வந்த மஞ்சள் என்று கடையின் பின்கட்டில் வேண்டாத டப்பாக்கள் அடுக்கடுக்காக நின்றன. நாள் முழுவதும் அடுத்தவர் கேட்ட நிறத்தையே கலந்துகொண்டிருந்த வெனிலாவிடம், உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டவர் கிடையாது. சவுரிராயன் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் வேலை ஆரம்பமானது. தாள் ஒட்டி, வேட்டி ஒட்டி, எல்லாம் வெனிலாவே செய்தாள். சவுரிராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மலை செய்தான்.

“இன்னாடி தடவிக் குடுத்துக்கினு இருக்கே? நல்லா அழுத்தி இழு.”

“இழுக்கிறேன்.”

“காவி அந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. அதுக்கு மேல வெள்ளைக்கு உட்டு வையி.”

கோடு அவன் போட்டதுதான். அடுப்புக்கரியை இடது கையில் பிடித்து, பச்சைக்கு இவ்வளவு, காவிக்கு இவ்வளவு, வெள்ளைக்கு இவ்வளவு என்று நிலம் அளக்க வந்தவனைப்போல எல்லை கட்டியிருந்தான். வெனிலா எல்லைக்குள்ளேயே பூசினாள். அப்படியும் ஓர் இடத்தில் பச்சை வழிந்து காவிக்குள் இறங்கிவிட்டது.

“போச்சு! கெடுத்தியா? கடையில மெஷின் கலக்குது, நீ பட்டன அமுக்குறே. கையால ஒரு வேல சொன்னா கோணிக்கினு போவுது” என்றான் சவுரிராயன்.

வெனிலா தூரிகையை டப்பாவின் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். “நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைய காட்டிட்டு வாங்க. நான் லீவு போட்டு முடிச்சி வைக்கிறேன்” என்றாள்.

குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய ஆளுக்கு அந்த அமைதி எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். சவுரிராயன், சொன்னது உறைத்துவிட்டது என்று நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனான்.

மறுநாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு ஒழுங்காகக் கூடிவருகிறது என்றார். ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற வழியில் பெயிண்ட் கடை வந்ததால் சவுரிராயன் இறங்கி ஒரு வணக்கம் போட்டான்.

“வாய்யா. கை எப்படி இருக்குது?” என்றார் வெங்கடாசலம். “ஆமா, உங்க கோயிலுக்கு இன்னா, மலையா கட்றீங்க, மாளிகையா? பின்கட்டுல இருந்த வேணாத டப்பாவ எல்லாம் உன் வூட்டுக்காரம்மா கேட்டு வாங்கி மூட்ட கட்டிக்கினு போயிருச்சே. போன வாரம் ரெண்டு நாளு ரயிலுல தூக்கிக்கினு போச்சு. பட்டி மாவுகூட ஒரு பை. எனக்கு எடம் மிச்சம், எடுத்துக்கினு போம்மான்னு சொல்லிட்டேன்.”

“டப்பாவா? இன்னா கலரு?”

“எல்லாக் கலரும்தான்.”

சவுரிராயனுக்குத் திக்கென்றது. பச்சை, காவி, வெள்ளை தவிர வேறு நிறம் அவன் மலையில் ஏறியதே இல்லை. சுவரைச் சமப்படுத்தப் பூசுகிற பட்டி மாவுக்கு மலையில் என்ன வேலை? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெனிலாவைத் திட்ட வேண்டியதை வரிசைப்படுத்தினான். விக்கிரவாண்டி வருவதற்குள் முன்னுரை தயாராகிவிட்டது. சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது அவளுடைய அண்ணனையும் உள்ளே இழுத்தான். திண்டிவனம் பாலத்தை நெருங்கும்போது பேச்சு நன்றாகப் பதமாகி, வாய்க்குள் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் தூறல். வீட்டுக்குள் நுழைந்து, அவளைக் காணாமல், மாடிப்படி ஏறினான். கடைசிப் படியில் வாயைத் திறந்தான்.

அந்தப் படியிலேயே நின்றுவிட்டான்.

வெனிலா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளின் நடுவில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரைக்கும் நீலம். அவன் போட்ட கரிக்கோடு எங்கே போனது என்று தெரியவில்லை. காவியும் பச்சையும் போன இடம் தெரியவில்லை. தாள் முழுவதும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அடர்ந்த நீலத்துக்குள் யாருக்கும் வேண்டாத அந்த மஞ்சள் பாய்ந்து, பாய்ந்த இடமெல்லாம் பெயர் சொல்ல முடியாத ஒரு பசுமையாகக் கொதித்தது. ஊதாவை அவள் கையால் அள்ளி வீசியிருந்தாள். வீசியது கல்லாகிக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குனிந்து, தோசைத் திருப்பியால் வெள்ளைப் பட்டியை ஓரிடத்தில் இழுத்துப் பூசி, தலைசீப்பால் அதை வாரினாள். கொசுவலைத் துண்டு ஒன்றை அதன் மேல் அழுத்தி உரித்தெடுத்தாள். வலையின் கண்கள் ஆயிரம் ஆயிரமாகப் பதிந்து நின்றன. முறத்திலிருந்து நசுக்கிய வேர்க்கடலைத் தோலையும் உமியையும் வாரி இறைத்தாள். ஒட்டியது ஒட்டியது, ஒட்டாதது உதிர்ந்தது. அவள் எதையும் சரிசெய்யவில்லை.

தகர ஷீட்டில் ஓர் ஓட்டை. அதன் வழியாக மழை சொட்டி, ஈர வர்ணத்தில் குழி பறித்து, சின்னச் சின்ன வாய்க்கால்களாக ஓடியது. எந்த மனிதனும் ஒரு பாத்திரத்தை எடுத்து அந்தச் சொட்டின் அடியில் வைப்பான். வெனிலா தாளின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் போகிற பக்கம் அதற்கு வழி விட்டாள். ஓடுகிற தண்ணீரில் ஒரு கைச் சிவப்பைக் கரைத்துவிட்டாள். அது எங்கே போய் நிற்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நின்றதும், “ம்” என்றாள். யாரோ சொன்னதற்குச் சரி என்கிற மாதிரி இருந்தது.

சவுரிராயனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூசையில் அப்பத்தைத் தூக்குகிற நேரத்தில் மணி அடித்ததும் கோயில் முழுக்க ஓர் அமைதி இறங்குமே, அதுதான் இங்கே இறங்கியிருந்தது. அவன் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றான். இவள் குழம்பு வைக்கிற கை தெரியும், காசு முடிகிற முடிச்சு தெரியும், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாள் என்று தெரியும். இவளைத் தெரியாது. இவள் இத்தனை நாள் எங்கே இருந்தாள்? அவனுக்குப் பயமாக இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து வெனிலா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவனைப் பார்த்தாள். சட்டென்று புடவையை இறக்கிவிட்டாள்.

“எப்ப வந்தீங்க?”

“இப்பதான்.”

“கத்துறதுன்னா கத்திடுங்க. ரா முழுக்க மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்காதீங்க.”

சவுரிராயன் தொண்டையைச் செருமினான். பஸ்ஸில் தயாரித்ததில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. வேறு எதையோ சொல்ல வேண்டும் என்று மனம் தவித்தது. பாராட்டு வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை.

“சாப்ட்டியா?” என்றான்.

வெனிலா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். டப்பாக்களைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சவுரிராயனுக்கு மாடியே கதியானது. அவள் ரயிலுக்குக் கிளம்பியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவான். காலை வெயிலில் அது ஒன்றாக இருந்தது. மேகம் மூடினால் வேறொன்றாக மாறியது. முதலில், இது என்ன, அது என்ன என்று தேடினான். ஒரு மூலையில் பெண்ணையாறு வெள்ளத்தில் புரண்டு வருவதுபோல் இருந்தது. இன்னொரு மூலையில் கரும்பு வெட்டித் தீ வைத்த வயலாகத் தெரிந்தது. தேடத் தேட அவை கலைந்தன. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்தான். அப்போதுதான் அது முழுசாக அவனுக்குள் வந்தது. எதைப்போலவும் இல்லாத ஒன்று, முன்னால் உலகத்தில் இருந்திராத ஒன்று, தன் வீட்டு மாடியில் விரிந்து கிடக்கிறது. கீழே வந்து தனியாகச் சாப்பிடும்போது கண் கலங்கியது. குழம்பில் காரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு மத்தியானம், உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இதைக் கசக்க வேண்டுமே!

இன்னும் சில நாளில் கோயிலில் கூட்டம் கூடும். செபஸ்தியம்மாள் ஒரு பக்கம், ஜூட் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்து அப்பள மாவு பிசைவதுபோல இதைப் பிசைவார்கள். வாரி வைத்த பட்டி நொறுங்கும். மழை வெட்டிய வாய்க்கால் உதிரும். அப்படிச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டவனே அவன்தான். அவனுக்கு அந்தச் சட்டத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் செபஸ்தியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான். அவன் சொன்ன பொய் நன்றாகவே இருந்தது. “பேஜாராப் போச்சுக்கா. மலைத்தாளு மழையில ஊறிப் பூடுச்சு. ஒண்ணுத்துக்கும் ஒதவாது. இந்த வருசம் மலை வேணாம், வைக்கோல் குடிசை மட்டும் போட்டுக்கலாம்.”

“மலை இல்லாத குடிலா? நீயாடா சொல்றே?” என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். உடனே ஜூட்டுக்குப் போன் போனது. பாண்டிச்சேரி மலைக்கு ஏற்பாடாகிவிட்டது. சவுரிராயன் தன் பெருமைக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டு வீடு திரும்பினான். வருத்தமே வரவில்லை. தாள் தப்பித்தது.

வெனிலாவைப் பற்றி மட்டும் அவன் யோசிக்கவில்லை. அடுத்த நாள் மாலை ரயிலை விட்டு இறங்கிக் காய் வாங்க நின்றவளைச் செபஸ்தியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“போனாப் போவுதும்மா. நீ இன்னா பண்ணுவே? புதுசா கை வச்சே. ஒண்ணுத்துக்கும் ஒதவாமப் போச்சுன்னு சவுரி நேத்தே வந்து சொல்லிட்டான். மனசுல வச்சிக்காத” என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

வெனிலா பையோடு நேராக வீட்டுக்கு வந்தாள். சவுரிராயன் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அவள் படிக்குக் கீழே நின்று அவனை மறித்தாள்.

“எந்த மழையில ஊறுச்சு?”

சவுரிராயன் ஒரு படி பின்னால் ஏறினான்.

“கேக்கிறேன் இல்ல? எந்த மழையில? காஞ்சி கல்லாட்டம் கெடக்குது மேல. புடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா? தெருத்தெருவாப் போயிதான் சொல்லணுமா, ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு?” அவள் குரல் உடைந்தது. “நீங்க சாப்ட்டியான்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும். அசிங்கமா இருந்துச்சு உங்களுக்கு. ஊரு சிரிக்கும்னு மறைக்கிறீங்க.”

“அய்யோ, அது இல்லடி.”

“பின்ன இன்னா?”

சவுரிராயன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச முடியாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. “வெனிலா, நான் தெனம் மேல போயி குந்திக்கினு இருக்கேன். நீ ரயிலுக்குப் போனதுலேர்ந்து நீ வர்ற வரைக்கும்.”

“எதுக்கு?”

“பாக்கத்தான். வேற எதுக்கு? அன்னிக்கு நீ பண்றதப் பாத்தேன். எனக்குப் பேச்சே வரல. பயம் வந்துச்சு. சாமிகிட்ட நின்னா வருமே, அந்தப் பயம்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “அத்தப் போயி நாலு பேரு கையில குடுத்துக் கசக்கச் சொல்றதா? என்னால ஆவாது. அதான் பொய் சொன்னேன். என் மலைல்லாம் ஒரு மலையா? தூ! அது எங்கியும் போவக் கூடாது. அப்படியே இருக்கணும்.”

வெனிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பை மெல்லத் தரையில் இறங்கியது. அவள் அழுதாள். சத்தமில்லாத அழுகை. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று அவளே அறியாமல் காத்திருந்தது அது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

“நீங்க மூடியப் பாத்துட்டு இந்தப் பாடு படறீங்க” என்றாள்.

“மூடியா?”

“நீங்க விழுப்புரத்துலேர்ந்து வந்தது மத்தியானம். நீங்க விடிய பஸ் ஏறுனதுலேர்ந்து நான் ஊத்திக்கினு இருந்தேன். டப்பாவ முன்னயே எடுத்தாந்து ஒளிச்சி வச்சிருந்தேன், தொடத்தான் தைரியம் வரல. நீங்க கத்துன கத்துல முதல்ல ஆத்திரத்துலதான் ஊத்துனேன். அப்பறம் ஆத்திரம் எங்கியோ போயிருச்சு. கை மட்டும் நிக்கல. ஒண்ணு மேல ஒண்ணா எத்தினி கலரு! ஒவ்வொண்ணும் காய விசிறி போட்டு, பட்டியக் கலருல கொழச்சி மூடுவேன். அது மேல திரும்ப ஊத்துவேன். பட்டி காஞ்சப்பறம் மடக்குனா வெடிக்கும். கடையில எல்லாருக்கும் அதத்தான சொல்றேன், ஆடுற பலகையில பட்டி போடாதீங்கன்னு. இது கசக்குறதுன்னு தெரிஞ்சிதான் போட்டேன்.”

“கசக்குனா உள்ள இருக்கிறது வெளிய வருமா?”

“வரும்.”

“எப்படி வரும்?”

“எனக்கும் தெரியாது. எங்க வெடிக்கும், எது எட்டிப்பாக்கும்னு ஒண்ணும் தெரியாது. நானும் தெனம் ரயிலுல அதையேதான் நெனச்சிக்கினு போறேன். எனக்குப் பாக்கணும்.”

“கெட்டுப் போயிருச்சின்னா?”

“போவட்டும்.”

அவள் சொன்ன லேசில் சவுரிராயன் ஆடிப்போனான். ஒரு சொட்டு கூடினால் பதறுகிற பெண் இப்படிச் சொல்கிறாள். மேலே இருப்பதை அப்படியே காப்பாற்ற வேண்டுமா, அவள் பார்க்க ஆசைப்படுவதற்காகப் பலி கொடுக்க வேண்டுமா? அவன் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போய் உலை வைத்துவிட்டாள். மறுநாள் காலையில், பாண்டிச்சேரிக்குக் கிளம்பி நின்ற ஜூட்டைத் தெருமுனையில் பிடித்து, “வேணாம்டா. மலை இருக்குது” என்றான்.

குடில் கட்டுகிற நாள் காலை, வெடித்துவிடாமல் தளரச் சுருட்டிய தாளைச் சவுரிராயனின் வண்டியில் ஏற்றி, ஜூட்டே ஓட்டி வந்து கோயிலில் இறக்கினான். பீடத்துக்கு இடது பக்கம் சவுக்குக் கட்டைகள் நட்டுத் தயாராக இருந்தன. சுருளை விரித்ததும் கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இன்னாடா சவுரி, பெயிண்ட் கடையே கவுந்துடுச்சா?” என்றாள் செபஸ்தியம்மாள். “இதுல புல்லு எது? பாறை எது?”

“எதுவும் எதுவும் இல்லக்கா. சும்மா பாரு.”

“பாத்தா ஒண்ணும் புரியலையே.”

“எனக்கும் புரியல. பாரு” என்றான் சவுரிராயன்.

எல்லோரும் சுற்றி மண்டியிட்டார்கள். முதல் பிடி எப்போதும் சவுரிராயனுடையது. இந்தத் தடவை ஒரு கைதான் இருந்தது, அதுவும் இடது கை. அவன் விரல்களை, மழை ஓடிச் சிவந்த அந்த வாய்க்காலின் ஓரத்தில் வைத்தான். தினமும் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடமான இடம். கை அசைய மறுத்தது. எதிர்ப்பக்கம் மண்டியிட்டிருந்த வெனிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கசக்குங்க” என்றாள் மெதுவாக.

சவுரிராயன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்து நெரித்தான். பொரித்த அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. தீர்ந்தது, என் கையாலேயே தீர்த்துவிட்டேன் என்று நினைத்தான். பக்கத்தில் யாரோ மூச்சை இழுக்கும் ஒலி கேட்டுக் கண்ணைத் திறந்தான்.

அந்த வாய்க்கால் பிளந்திருந்தது. பிளவுக்குள் ஒரு நெருப்புச் சிவப்பு. அவன் மாடியில் அத்தனை நாள் உட்கார்ந்தும் பார்த்திராத சிவப்பு. அதன் விளிம்பில் மஞ்சள், மஞ்சளுக்குள் ஒரு கறுப்பு. பட்டி உதிர உதிர வெடிப்பு தானாக ஓடியது. ஊதாவுக்கு அடியில் கிளிப்பச்சை பளீரென்று எட்டிப்பார்த்தது. வலைக்கண்கள் பிளந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு நிறம் விழித்துக்கொண்டது.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாக் கைகளும் ஒன்றாக உள்ளே இறங்கின. கசக்கக் கசக்கத் தாள் முறுக்கிக்கொண்டு எழுந்தது. மடிப்புக்கு மடிப்பு புதுசு புதுசாகத் திறந்தது. வெள்ளைப் புழுதி எழும்பி எல்லோருடைய முகத்திலும் தலையிலும் படிந்தது. பேசிக்கொண்டே வேலை செய்கிற கூட்டம் அது. அன்றைக்குத் தாள் நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சவுக்குக் கட்டைகளின் மேல் அதைத் தூக்கிப் போர்த்தியபோது பக்கவாட்டுக் கதவு வழியாக வெயில் வந்து அதன் மேல் சாய்ந்தது. செபஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உலகம் உண்டான முதல் நாளில் பூமி வெடித்து மேலே வந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று சவுரிராயன் நினைத்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் புழுதியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

“அக்கா, இத்த என் வூட்டுக்காரி பண்ணுச்சு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “வெனிலா பண்ணுச்சு. நான் ஒரு கோடு போட்டேன், அத்தயும் அது அழிச்சிடுச்சு.”

எல்லோரும் வெனிலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வேறு யாரோ செய்ததை முதல் தடவையாகக் காண்கிறவள்போல வாயைத் திறந்தபடி மலையின் முன்னால் நின்றிருந்தாள். செபஸ்தியம்மாள் குழந்தை இயேசுவின் சுரூபத்தைத் துணியிலிருந்து பிரித்தெடுத்து, பழக்கத்தில் சவுரிராயனிடம் நீட்டி, “கொழந்தைய எங்க வைக்கிறது?” என்று கேட்டாள். சவுரிராயன் வெனிலாவின் பக்கம் கையைக் காட்டினான்.

“கொஞ்சம் இருங்கக்கா” என்றாள் வெனிலா. “இன்னும் முடியல.”

அவள் மலையின் மேல் சாய்ந்து, இருந்ததிலேயே அழகாகத் திறந்திருந்த அந்த நெருப்புச் சிவப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். கூட்டத்தில் ஒருத்தி, “அய்யோ, அத்த தொடாதம்மா” என்றாள். வெனிலா திரும்பி அவனைக் கூப்பிட்டாள். சவுரிராயன் போய் அவள் கைகளுக்குப் பக்கத்தில் தன் இடது கையை வைத்தான். இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை.